புகையும் ஞாபகமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஞாபகமறதிக்காக வருபவர்களைத் தினமும் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் நான். புகையைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டாக்டர், ஒரு சிகரெட் பிடித்தால்தான் எனக்கு வேலையில் கவனமே நிற்கிறது. மூளையைக் கெடுக்கும் என்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறாக இருக்கிறதே?

உங்கள் அனுபவம் பொய்யில்லை. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோடின் மூளையை எட்டிவிடும். கவனத்துக்கும் நினைவுக்கும் தேவையான அசிடைல்கோலின் என்ற மூளை ரசாயனம் போய்ச் சேரவேண்டிய ஏற்பிகளில், அதாவது நரம்பணுக்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில், நிக்கோடின் உட்கார்ந்துகொள்ளும். இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும். தினமும் இப்படி நடந்தால் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. அவை காலியாகும்போது எரிச்சல் வரும், மனம் அலைபாயும். அடுத்த சிகரெட் அதைத்தான் தணிக்கிறது. கவனம் வந்ததாக நீங்கள் உணர்வதில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் பறித்துக்கொண்டு போனது திரும்பி வருவதுதான். புகைக்காதவர் காலையில் எழும்போதே அந்த நிலையில் இருக்கிறார்.

அப்படியானால் ஞாபகத்தைக் கெடுப்பது நிக்கோடினா, புகையா?

பெரியவர்களைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி புகைதான். அது கை வைப்பது ரத்தக் குழாய்களில். மூளையின் எடை உடலில் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்ளும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அப்புறம், குழாய்களின் உட்சுவர் கெடுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது. பெரிய குழாய் அடைத்தால் பக்கவாதம், அது எல்லோருக்கும் தெரியும். மிக நுண்ணிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும்போது வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை. பல வருடம் கழித்து நடை தளர்கிறது, யோசனை மெதுவாகிறது. ஸ்கேன் எடுத்தால் உள்ளே சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும். அந்தப் படத்தைக் குடும்பத்தாருக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும்.

பையனுக்கு 17 வயது. வேப் (மின்சிகரெட்) தானே, புகை இல்லையே என்கிறான்.

நிக்கோடின் இருந்தால் அவனுக்கு அது ஆபத்துதான். திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வரை ஆகும். வளரும் மூளையில் நிக்கோடின் அடிமைத்தனம் ஆழமாகப் பதியும்.

என் கணவர் வீட்டுக்குள் புகைக்கிறார். மகளுக்கு 6 வயது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

போதாது அம்மா. அடுத்தவர் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றும், காற்றோட்டத்தால் அதை நீக்க முடியாது என்றும் 2006இல் வந்த அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகவே சொன்னது. அந்த நாட்டில் 6 முதல் 16 வயதுள்ள 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் கோட்டினின் அளவைப் பார்த்தார்கள். உடலுக்குள் போன நிக்கோடின் விட்டுச்செல்லும் தடயம் அது. அளவு கூடக்கூட வாசிப்பிலும் கணக்கிலும் மதிப்பெண் குறைந்திருந்தது. மிகக் குறைந்த அளவிலும் அந்தப் போக்கு தெரிந்தது. வருமானம், பெற்றோரின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மறையவில்லை. இத்தகைய ஆய்வு காரணத்தை முழுதாக நிரூபிக்காதுதான். ஆனாலும் என் பேத்தி அந்த வீட்டில் இருந்தால் நான் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்: கூட இருந்து புகையைச் சுவாசிப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் வேண்டாம் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

புகைப்பவர்களுக்கு அல்சைமர் வராது என்று படித்தேன். உண்மையா?

இல்லை. பழைய ஆய்வுகள் சில அப்படிக் காட்டின. புகைத்தவர்களில் பலர் அல்சைமர் வரும் வயதை எட்டும் முன்பே இறந்துவிடுவதால் கணக்கு தவறிப் போனது. புகையிலை நிறுவனங்களோடு தொடர்புடைய ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். நடுவயதிலிருந்து 21,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளிவந்த ஆய்வில், தினமும் 2 பாக்கெட்டுக்கு மேல் புகைத்தவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) வரும் ஆபத்து இரண்டு மடங்கைத் தாண்டியது.

வயது 58. 35 வருடமாகப் புகைக்கிறேன். பெயர்கள் மறந்து போகின்றன. இனி விட்டு என்ன பயன் ஐயா?

முதலில், எல்லாவற்றையும் புகையின் தலையில் போட வேண்டாம். தைராய்டு, பி12, ரத்த அழுத்தம், தூக்கம், மனச்சோர்வு இவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயன் நிச்சயம் உண்டு. லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஒயிட்ஹால் ஆய்வில், புகைக்கும் ஆண்களின் சிந்தனைத்திறன் வேகமாகச் சரிந்தது. விட்டு 10 வருடம் ஆனவர்களிடம் அந்தக் கூடுதல் சரிவு காணப்படவில்லை. 68 வயதில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது இன்று தொடங்குகிறது.

விட்டு 4 நாள் ஆகிறது. தலை மந்தமாக இருக்கிறது, படித்தது நிற்கவில்லை, தூக்கமும் இல்லை. மூளை கெட்டுவிட்டதா?

கெடவில்லை தம்பி, சரியாகிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம்தான் கடினம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தணியும். கூடிப்போன ஏற்பிகள் பழைய அளவுக்கு வர 6 முதல் 12 வாரம் ஆகலாம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை, நிக்கோடின் பேட்ச், சூயிங்கம் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று, காபி குடிப்பீர்களா? புகை காஃபீனை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். நிறுத்தியதும் அதே காபி கூடுதல் வேகத்தோடு வேலை செய்யும். படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் அது காரணமாக இருக்கலாம். பாதியாகக் குறைத்துப் பாருங்கள். வேறு மாத்திரை ஏதாவது எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிலவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். 7ஆம் நாள் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.