நீல எல்.இ.டி. இவ்வளவு முன்னேறிய பிறகும் பச்சை எல்.இ.டி.யின் செயல்திறனை உயர்த்துவது ஏன் இவ்வளவு கடினம்?

கேட்டவர் இறுதியாண்டு இயற்பியல் மாணவர். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே கேலியம் நைட்ரைடு படிகம்தானே, பிறகு பச்சை மட்டும் ஏன் பின்தங்குகிறது, அதைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள் என்பது கேள்வி. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில், எல்.இ.டி. சோதனைப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். படிகம் வளர்ப்பவன் அல்ல, வளர்ந்து வந்ததை அளந்து தரம் பிரிப்பவன். ஆகவே என் பதிலில் அளவுகோலின் சந்தேகப் புத்தி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஒரே வரியில் கேட்டால் இதுதான்: பச்சை நிறத்துக்காகப் படிகத்தில் கலக்கும் இண்டியம் என்ற உலோகமே பச்சையைக் கெடுக்கவும் செய்கிறது.

அதை விளக்குவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாங்கள் சிலர் சேர்ந்து தண்ணீர்ப்பந்தல் போடுவோம். விளக்கு என் பொறுப்பு. பார்க்கிற வேலை அப்படி, தப்பிக்க வழியில்லை. ஒருமுறை பந்தலை நடத்தும் மாமா கேட்டார்: "பச்சைதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று எரிகிறது. அதைப் போய் மட்டமான சரக்கு என்கிறாயே?" அவர் கண்ணை நம்பினார். கண்ணோ ஓரவஞ்சனை செய்யும். பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டரில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஒரே அளவு ஒளி ஆற்றலைக் கொடுத்தாலும் 530 நானோமீட்டர்ப் பச்சை, 450 நானோமீட்டர் நீலத்தைவிட இருபது மடங்குக்கும் மேல் பிரகாசமாகத் தெரியும். லுமென் என்பது கண்ணுக்காக எழுதிய கணக்கு. வாட் கணக்கில் பார்த்தால் வண்டவாளம் வெளியே வரும்: நல்ல நீலச் சிப் வாங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும்போது, பச்சை அதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது.

எங்கள் தீவுக்குப் பச்சை ஒன்றும் புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இங்கே எட்டுச் சாமுராய்கள் என்பார்கள். அவற்றில் லிட்ரோனிக்ஸ் எல்.இ.டி.க்கென்றே இருந்த நிறுவனம். என் பெரியம்மா, பாலம் வருவதற்கு முந்தைய காலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து இந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் நுண்ணோக்கியில் கண் பதித்துத் தங்கக் கம்பி இணைத்தவர். அவர் கையில் பட்ட பச்சை, கேலியம் பாஸ்பைடு. மஞ்சள் ஓடிய பச்சை, சுமார் 565 முதல் 570 நானோமீட்டர். அந்தப் படிகம் இயல்பில் ஒளி உமிழ மறுக்கும் வகை. கொஞ்சம் நைட்ரஜனைக் கலந்து ஏமாற்றித்தான் ஒளிர வைத்தார்கள். மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாகவில்லை. கண்ணின் தயவில் பிழைத்த விளக்கு அது.

சிவப்புக்குப் பயன்படும் பாஸ்பைடு குடும்பத்திலும் இதே கதைதான். நிறத்தைப் பச்சைப் பக்கம் நகர்த்த அலுமினியத்தைக் கூட்டக் கூட்ட, அதுவும் ஒளி உமிழ மறுக்கும் வகையாக மாறிவிடுகிறது. அந்த வாசல் அடைபட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது நீலத்தின் பக்கம். அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014ல் நோபல் வாங்கிக் கொடுத்த அதே கேலியம் நைட்ரைடு. அதில் மூன்று நானோமீட்டர் அளவே தடிமனுள்ள இண்டியம் கலந்த அடுக்கு, அதாவது குவாண்டம் கிணறு, ஒளியைத் தருகிறது. நீலத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து பங்கு இண்டியம் போதும். பச்சைக்கு இருபது, இருபத்தைந்து வேண்டும். பத்துதானே கூடுதல் என்று தோன்றும். வினை அங்கேதான் இருக்கிறது.

சேலைக்கு ஃபால்ஸ் தைத்த வீட்டில் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நனைத்துச் சுருக்காத பருத்தி ஃபால்ஸைத் தைத்து, முதல் சலவையில் போட்டால் ஃபால்ஸ் சுருங்கிவிடும். அதைவிட நீளமான சேலைக்கரை அதே தையலுக்குள் நெருக்குண்டு முகம் சுளிக்கும். கேலியம் நைட்ரைடுதான் ஃபால்ஸ், இண்டியம் அடுக்குதான் கரை. இண்டியம் நைட்ரைடின் அணு இடைவெளி ஏறத்தாழ 11 விழுக்காடு பெரியது. நெருக்கம் அளவுக்கு மீறினால் படிகம் கிழிந்து குறைகள் விழும். கிழியாமல் தாங்கினாலும் நிம்மதி இல்லை: நெருக்குண்ட இந்தப் படிகத்துக்குள் மின்புலம் பிறக்கிறது. கிணற்றின் தளம் சாய்ந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் ஒரு சுவரோரமும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) எதிர்ச் சுவரோரமும் போய் நிற்கின்றன, சம்பந்திச் சண்டை நடந்த கல்யாண மண்டபம் மாதிரி. இரண்டும் சந்தித்தால்தான் ஒளி.

வளர்க்கும் வெப்பநிலை இன்னொரு தலைவலி. கேலியம் நைட்ரைடு நன்றாக வளர 1000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் இண்டியம் நிற்காது. பச்சைக் கிணற்றை 700 சொச்சம் டிகிரியில் வளர்க்கிறார்கள். குறைந்த சூட்டில் அணுக்கள் சரியான இடம் தேடி உட்கார்வதில்லை. மேலே வரும் அடுக்குகளுக்காகச் சூட்டைக் கூட்டினால், கீழே இருக்கும் கிணறு வெந்து கெடுகிறது.

இவையெல்லாம் சேர்ந்து மின்னோட்டம் கூடும்போது பல்லிளிக்கின்றன. சந்திப்பு மந்தமாக நடப்பதால் அதே வெளிச்சத்துக்குக் கிணற்றில் அதிகக் கூட்டம் சேர வேண்டியிருக்கிறது. கூட்டம் சேர்ந்தால், சந்திக்கும் ஜோடி தன் ஆற்றலை ஒளியாக விடாமல் பக்கத்திலிருக்கும் மூன்றாவது துகளிடம் கொடுத்துவிடும். ஓஜே இழப்பு என்பது இதுதான். ஒளி தரும் சந்திப்பு கூட்டத்தின் இருமடியாக வளர்ந்தால், இது மும்மடியாக வளரும். கிணற்றை மெலிதாக்கி இரண்டையும் நெருங்க வைக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், இடம் குறுகிக் கூட்டம் இன்னும் நெரிசலாகும், நிறமும் நீலப் பக்கம் நகரும், அதைச் சரிக்கட்ட மறுபடியும் இண்டியம். ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வருகிறது. பதினேழு ஆண்டுகளில் பச்சை பற்றி நான் உறுதியாகக் கற்றது இது ஒன்றுதான்.

வழிகள் இல்லாமல் இல்லை. படிகத்தை வழக்கமான முகத்தில் வளர்க்காமல் சாய்ந்த முகத்தில் வளர்த்தால் உள் மின்புலம் பெரிதும் தணிகிறது. அதற்கான அடித்தகடுகள் சிறியவை, விலையோ யானை விலை. அறுகோணப் படிகத்துக்குப் பதில் கனசதுர வடிவக் கேலியம் நைட்ரைடு இன்னொரு பாதை: வளரும் திசையில் அந்த மின்புலமே இல்லை, இண்டியமும் குறைவாகப் போதும். ஆனால் அதைக் கலப்பில்லாமல் வளர்ப்பது பெரும்பாடு. கொஞ்சம் கவனம் தவறினால் அறுகோணம் தலைகாட்டிவிடும். எனக்குப் பிடித்தது சீனாவின் நான்சாங் பல்கலைக்கழகத்தார் சிலிக்கான் தகட்டில் செய்த வேலை. படிகத்தில் விழும் வி வடிவக் குழிகளைக் குறை என்று மூடாமல், அவற்றின் சரிவுகள் வழியாகத் துளைகளை ஆழத்திலுள்ள கிணறுகளுக்கு அனுப்பினார்கள். குறையை வாசலாக்கிய கெட்டிக்காரத்தனம்.

ஆலைக்காரன் சொல்லும் வழி வேறு: சிப்பைப் பெரிதாக்கி, மின்னோட்ட அடர்த்தியைக் குறை. கவர்ச்சி இல்லாத, செலவு பிடிக்கும், ஆனால் நிச்சயம் வேலை செய்யும் வழி. தூய நிறம் தேவையில்லை என்றால் நீலச் சிப்பின் மேல், நீல ஒளியை வாங்கிப் பச்சையாக உமிழும் பாஸ்பர் பொடியைப் பூசுவதும் உண்டு. நீலத்தின் ஆற்றலில் ஒரு பகுதி சூடாகப் போனாலும், பல வேளைகளில் நேரடிப் பச்சையை அது லுமெனில் முந்திவிடுகிறது. எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

பச்சையில் சாதனை என்று ஏதாவது படித்தால் நான் முதலில் தேடுவது அலைநீளத்தை. 515ல் எடுத்த எண்ணையும் 535ல் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது. சாலைச் சந்திப்பின் போக்குவரத்து விளக்கில் எரியும் பச்சைகூட 505 நானோமீட்டரை ஒட்டிய நீலம் ஓடிய பச்சைதான். அடுத்து மின்னோட்ட அடர்த்தி. ஒரு சதுர மில்லிமீட்டர் சிப்பில் 350 மில்லிஆம்பியர் விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 35 ஆம்பியர். அங்கே அளந்ததா, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஆம்பியரில் செயல்திறனின் உச்சியைப் பிடித்து எழுதியதா? கடைசியாக வோல்ட். 530 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் 2.34 எலக்ட்ரான் வோல்ட். சிப் 3 வோல்ட் கேட்டால், உள்ளே எல்லாமே குறையில்லாமல் நடந்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாசலிலேயே போய்விட்டது. குவாண்டம் செயல்திறனை, அதாவது உள்ளே போன எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள் என்ற கணக்கை, மட்டும் சொல்லி வோல்ட்டைச் சொல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

உங்கள் ஆய்வுத் திட்டத்துக்குப் படிகம் வளர்க்கும் உலை தேவையில்லை. ஒரே பச்சை ரீலிலிருந்து பத்தும் ஒரே நீல ரீலிலிருந்து பத்தும் எடுத்து, அலுமினியத் தகட்டில் பொருத்தி, 1 மில்லிஆம்பியரிலிருந்து அதன் உச்ச அளவு வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறமாலையையும் வோல்ட்டையும் குறியுங்கள். மின்னோட்டத்தைச் சிறு துடிப்புகளாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் சூட்டைத்தான் அளப்பீர்கள். மின்னோட்டம் ஏற ஏறப் பச்சையின் உச்சி நீலப் பக்கம் நகரும். நீலச் சிப்பில் அந்த நகர்வு குறைவாக இருக்கும். கூட்டம் சேரச் சேரச் சாய்ந்த தளம் நிமிர்வதுதான் அது. வரைபடம் தயாரானதும் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.