நடிகரோ பாடகரோ தன் பெயர், முகம், குரல் மீதான விளம்பர உரிமையைப் பிள்ளைகளுக்கு உயில் எழுதி வைக்க முடியுமா?

எழுதலாம். ஆனால் இந்தியாவில் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஜெயலலிதாவின் வாழ்க்கை படமாவதை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவர் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடும், வீடு நிலம் போல வாரிசுக்கு இறங்காது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே முடிவுக்குத்தான் வந்தது. கலிபோர்னியாவில் இறந்தபின் 70 ஆண்டு இந்த உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்குள்ள உயில் வாசகத்தை அப்படியே இங்கே எடுத்தாண்டால் வாரிசுகள் கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சும்.

ஆகவே, இறங்கக்கூடிய சொத்தாக அதை உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டும். முதல் வேலை, பெயரையும் கையெழுத்தையும் டிரேட்மார்க்காக (வணிக முத்திரையாக)ப் பதிவது. எந்தப் பொருளுக்கு, சேவைக்கு என்று வகுப்பு வாரியாகப் பதிய வேண்டும்: பொழுதுபோக்குக்கு 41-ம் வகுப்பு, உடைக்கு 25. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்: தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால், அதனால் பாதிக்கப்படும் எவரும் அதை நீக்கச் சொல்லி மனுப் போடலாம். பதிந்து பீரோவில் பூட்டி வைப்பதில் பயனில்லை.

பதிவே செய்யாமல் இறந்துவிட்டாலும் ஒரு பிடி இருக்கிறது. இறந்து 20 ஆண்டுக்குள் அவரோடு தொடர்பு இருப்பதாகப் பொய்யாகத் தோன்றும் முத்திரைக்கு யாராவது விண்ணப்பித்தால், சட்டப்பூர்வ பிரதிநிதியின் எழுத்துமூல ஒப்புதலைப் பதிவாளர் கேட்கலாம். விண்ணப்பங்கள் வெளியாகும் அரசு இதழான டிரேட்மார்க் ஜர்னலைத் தொடர்ந்து பாருங்கள்; ஆட்சேபம் தெரிவிக்க, விண்ணப்பம் அதில் வெளியான நாளிலிருந்து 4 மாதம்தான்.

பாடல் வரி, மெட்டு, கதை ஆகியவற்றின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நிற்கும். உயிலில் தாராளமாக எழுதலாம். கச்சேரி, நாடகம் போன்றவற்றில் நிகழ்த்துநர் உரிமை, இறப்பிலிருந்து அல்ல, நிகழ்த்திய ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டு. சினிமாவில் நடிக்க எழுத்தில் சம்மதித்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை தயாரிப்பாளர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஸ்டுடியோ புகைப்படத்தின் பதிப்புரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுடையது. பத்திரிகை எடுத்த புகைப்படம் அப்படியல்ல.

விளம்பர ஒப்பந்தங்களைத்தான் நான் முதலில் கையில் எடுக்கச் சொல்வேன். "எக்காலத்துக்கும்" என்று இருந்தால் முடிவுத் தேதி போடுங்கள். இறந்தபின் பயன்படுத்த யாருடைய எழுத்துமூல அனுமதி வேண்டும், செயற்கை நுண்ணறிவில் குரலையோ முகத்தையோ உருவாக்கலாமா என்று தனித்தனி ஷரத்து எழுதுங்கள். எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தம்தான், உயில் அல்ல.

இரண்டு சாட்சிகள் முன் உயிலில் கையெழுத்திட்டு, டிரேட்மார்க் எண்கள், ஒப்பந்தங்கள், மூலப் பதிவுகள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் பட்டியலாகச் சேருங்கள். மூன்று பிள்ளைகள் இருந்தால், மூவருக்கும் சம பங்கு வருமானம் தரலாம். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மட்டும் ஒருவரிடமோ ஒரு டிரஸ்டிடமோ இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் நகைக்கடைக்குக் கொடுத்த முகத்தை இன்னொருவர் போட்டிக் கடைக்குக் கொடுப்பார், இரண்டு கடையும் வழக்குப் போடும்.