தறி ஓடினால் மகளுக்குத் தூக்கமில்லை, நின்றால் அவருக்குத் தூக்கமில்லை

வாசகியின் கடிதம்

வணக்கம் மேடம். நாங்கள் காஞ்சிபுரம் பக்கம். எனக்கு 48 வயது. வீட்டுக்காரர் பட்டு நெசவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போடுகிறேன். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பூட்டிப் பூட்டி நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற கட்டை. ஒரே ஆளால் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டுத் தர வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலைக்குப் பிள்ளைகளைத்தான் உட்கார வைப்பார்கள். இவரே அப்படி உட்கார்ந்தவர்தான். அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எங்கள் சின்னப் பெண் ஏழு வயதில், லீவு நாளில் ஆசையாக வந்து உட்கார்ந்து நாடா போடுவாள். ஒரு நாள் அவள் கையிலிருந்து நாடாவை வாங்கி வைத்துவிட்டு, "நீ போய்ப் படி. இந்தப் பள்ளத்துல இறங்கறது என்னோட போகட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவளைத் தறிப் பக்கமே விட்டதில்லை.

அவளுக்கு இப்போது 26. பி.காம் முடித்து மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் இருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு இன்சூரன்ஸ் கணக்குப் பார்க்கிற வேலை. போன் பேச வேண்டியதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். 2021இல் சேர்ந்ததிலிருந்து வீட்டிலேதான் வேலை. மாலை ஆறரைக்கு லேப்டாப்பைத் திறந்தால் விடிகாலை மூன்றரைக்குத்தான் மூடுவாள். படுக்க நாலு, நாலரை ஆகிவிடும். அவர் ஆறு மணிக்குத் தறிக் குழியில், கால் வைத்து மிதிக்கிற அந்தப் பள்ளத்தில், இறங்குவார். தறி கூடத்தில் இருக்கிறது. அவள் படுக்கிற அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஒவ்வொரு மிதிக்கும் தறி மேல் இருக்கிற, டிசைன் போடுகிற ஜக்கார்ட் பெட்டி தூக்கி இறங்கும்போது சுவரில் மாட்டின காலண்டர் ஆடும். அந்தச் சத்தத்தில்தான் அவள் தூளியில் தூங்கினாள். இப்போது முடியவில்லை.

நாலு மாதம் முன்னால் ஒரு காலை, எட்டு மணி இருக்கும். கண்ணெல்லாம் சிவந்து எழுந்து வந்தவள், "இதை நிறுத்துங்கப்பா. மாசம் இதுல என்ன வருதோ அதை நானே தந்துடறேன்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த நாடாவை, தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற பாவு நூல் மேல் வைத்துவிட்டு எழுந்தார். அன்று முழுக்கத் திண்ணையில்தான் இருந்தார்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் தறியில் இறங்குகிறார். பன்னிரண்டு நாளில் நெய்து தறியிலிருந்து அறுக்கிற சேலை இருபது நாளைத் தாண்டுகிறது. முதலாளி ஆள் விட்டுக் கேட்கிறார். "தறி இருக்கறதாலதான் இந்த வீட்டுக்கு 300 யூனிட் இலவச கரண்ட்டு, அதுலதான் உன் பொண்ணு லேப்டாப் ஓடுதுன்னு சொல்லு" என்பார் என்னிடம். "அக்கா கல்யாணக் கடனை அடைச்சது யாரு, எனக்குத் தூங்கக்கூட உரிமை இல்லையான்னு கேளும்மா" என்பாள் அவள். நானும் கரை நாடா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறேன். போன வாரம் அவர், "நான் இனிமே எதுக்கு இருக்கேன்னே தெரியல" என்றார். சாப்பாடும் குறைந்துவிட்டது.

மூன்றரைக்கு எழுந்து அவளுக்குப் பால் சுட வைக்கிறேன், அஞ்சரைக்கு அவருக்குக் காபி. முழங்கால் வலி வேறு.

தறியை விற்றுவிடலாம் என்று அவரிடம் சொல்லட்டுமா? இல்லை, மகளைச் சென்னையில் ஹாஸ்டலில் சேரச் சொல்லட்டுமா? நான் யார் பக்கம் பேசுவது மேடம்?

பெயர் வேண்டாம்.

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

தறியை விற்பது, மகளை அனுப்புவது, இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். சத்தம் நின்றுவிடும். ஆனால் அன்று காலை சொன்ன சொல் அப்படியே கிடக்கும், அதைச் சரிசெய்ய ஆட்கள் ஒரே வீட்டில் இருக்க மாட்டார்கள்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். "எதுக்கு இருக்கேன்னே தெரியல" என்று அவர் சொன்னதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு குறைந்திருக்கிறது, வேலை குறைந்திருக்கிறது, நான்கு மாதம் ஆகிவிட்டது. தனியாக இருக்கும்போது நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு ஏதாவது தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. பெரும்பாலும் கேட்டவுடன் மனசு பாரம் கொஞ்சம் இறங்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியாக விடாமல் அன்றே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே முதலில் பேசிப் பார்க்கலாம். இல்லை என்று சொன்னாலும் சாப்பாடு இப்படியே இருந்தால் ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம், ஏழு வயசுப் பெண்ணின் கையிலிருந்து அவர் நாடாவை வாங்கி வைத்தது. காஞ்சிபுரம் தறிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப 1990களில் அரசும் தொண்டு அமைப்புகளும் எவ்வளவு பாடுபட்டன என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவர் அதைத் தன் வீட்டில் யாரும் சொல்லாமல் செய்தார். ஆள் குறைந்தால் கூலி குறையும் என்று தெரிந்தே செய்தார். இன்று உங்கள் மகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு முதல் காரணம் அந்த மனுஷன்தான். அந்த மகளே வந்து, "இதுல வர்றதை நானே தந்துடறேன்" என்கிறாள். அவள் சொன்னது காசை. அவர் காதில் விழுந்தது வேறு. அவருக்குத் தறி வெறும் கூலி கிடையாது. அக்கா கல்யாணம், இவள் பி.காம், கூடத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் அந்தக் குழியில் உட்கார்ந்து அவர் நடத்தியது. அதற்கு ஒரு மாதத் தொகை போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தன் பிள்ளை நினைப்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது.

மகள் பக்கமும் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க விழித்து வேலை பார்ப்பவர்களுக்குப் பகல் தூக்கம் சாதாரணமாகவே குறைவாகத்தான் அமையும். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது, காலையில் அது எழுந்திரு என்றுதான் சொல்லும். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலரைக்குப் படுத்து ஆறு மணிக்குச் சுவர் அதிர்ந்தால் அவளுக்குக் கிடைத்தது எவ்வளவு? அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் கதை இல்லை. இப்படிப் பல மாதம் தூங்காத மூளைக்கு வார்த்தையை அளந்து பேசுகிற சக்தி இருக்காது. அன்று அவள் பேசியதில் பாதி தூக்கம் பேசியது. அக்கா கல்யாணக் கடனை அடைத்தவளும் அவள்தான், அந்தப் பாசத்தை அவரும் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்பு உங்கள் வீட்டில் ஒரே வேலைதான். அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும், ஒரு இழை அறுந்தால் இருவர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு ஆபீஸ் வேலை வீட்டுக்குள் வந்தது. வீட்டிலேயே தொழில் என்பது நெசவாளர் குடும்பத்துக்குப் புதுசே கிடையாது, ஆனால் வந்த வேலை ஒருவருக்கொருவர் கண்ணுக்குத் தெரியாத வேலை. மகள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தட்டுகிறாள் என்பதுதான் அவருக்குத் தெரிவது. ஒரு எண் மாறினால் அந்த பில் அப்படியே திரும்பி வரும், அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. ஏழு வயதோடு தறிப் பக்கம் வராத மகளுக்கோ, காலை ஆறு மணி என்பது கண் தெளிவாக இருந்து இழை பார்க்கிற நேரம் என்பது தெரியாது.

இதை ஒருவருக்கொருவர் காட்டித்தான் ஆக வேண்டும். அதை நீங்கள் செய்யக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு பேருக்குள் முறுக்கு ஏறினால் மூன்றாவது ஆளை நடுவில் இழுத்துக்கொள்வது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். நடுவில் ஆள் இருக்கும்வரை அந்த இரண்டு பேரும் முகம் பார்க்க வேண்டிய அவசியமே வராது. நீங்கள் நல்லெண்ணத்தில்தான் ஓடுகிறீர்கள், ஆனால் அந்த ஓட்டத்தில்தான் இந்த மௌனம் நான்கு மாதம் தாங்கியிருக்கிறது. அடுத்த முறை அவர் "உன் பொண்ணுகிட்டச் சொல்லு" என்றால், "அவ உள்ளதான் இருக்கா, நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மகளுக்கும் அதே பதில். முதல் வாரம் இரண்டு பேருக்கும் உங்கள் மேல் கோபம் வரும். வரட்டும், பரவாயில்லை.

மகளிடம் மட்டும் ஒரே ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். அந்த நாடா கதையைச் சொல்லுங்கள். ஏழு வயசில் நடந்தது அவளுக்கு எந்த அளவு நினைவிருக்கும்? அப்பா தன்னைத் துரத்திவிட்டார் என்றுகூட நினைத்திருக்கலாம். பிறகு அவளே போய், "அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா" என்று சொல்லட்டும். "ஆனா" என்று ஒரு சொல் பின்னால் வரக் கூடாது. கடன் கணக்கு அந்தப் பேச்சில் வேண்டாம். தூக்கத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசட்டும், அப்போதும் கேள்வியாக: "பதினொன்றரை வரைக்கும் எனக்குத் தூக்கம் வேணும்ப்பா, எப்படிப் பண்ணலாம்?" வீட்டின் நேரத்தை அவர் பிரித்துக் கொடுக்கட்டும். நாடாவுக்கு நூல் தார் சுற்றுவது, புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைப்பது, முதலாளி வீட்டுக்கும் நெசவாளர் சொசைட்டிக்கும் போய் வருவது என்று சத்தமில்லாத வேலை காலையில் எவ்வளவோ இருக்கிறது. பதினொன்றரைக்கு ஜக்கார்ட் ஏறினால் சாப்பாட்டு நேரம் போக இரவு எட்டு வரை ஓடலாம். அவள் போன் பேசுகிற வேலையில் இல்லாததால் சாயங்காலச் சத்தம் அவ்வளவு பாதிக்காது. பழையபடி பன்னிரண்டு நாளில் சேலை அறுக்க முடியாமல் போகலாம், ஆனால் இப்போது இழுக்கிற மாதிரி இழுக்காது. அவள் அறை ஜன்னலுக்குக் கனமான துணி போட்டு இருட்டாக்குங்கள், காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளட்டும், ராத்திரி ஒரு மணிக்கு மேல் டீ வேண்டாம்.

அவர்கள் பேச ஆரம்பித்த பிறகு, ஒரு சனிக்கிழமை அவளை உங்கள் இடத்தில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லிப் பாருங்கள். ஆள் பற்றாக்குறைக்கு என்று சொன்னால் அவர் விடவே மாட்டார். பார்க்கணும்னு ஆசையா இருக்குப்பா என்று அவளே கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கண் பாவு மேல் இருக்கும்போது, முகத்துக்கு நேரே வராத பேச்சு வரும். அதே மாதிரி ஒரு நாள் ஆறரைக்கு அவள் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு பில்லைக் காட்டட்டும். பேச்சைத் தொடங்க ஒன்று சொல்லித் தருகிறேன். பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் 1804 வாக்கில் செய்த தறிப் பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைதான் டிசைனைச் சொல்லும். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டை வைக்க நினைத்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையே ஓட்டை அட்டையில்தான் எண்ணினார்கள். கம்ப்யூட்டர் அந்த வழியில் வந்தது. "உன் மெஷினுக்கு என் பெட்டிதான் பாட்டன்" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம், அது உண்மைதான்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீளமான கடிதத்தில் உங்களுக்கு என்று இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்றரைக்கு ஒருமுறை, அஞ்சரைக்கு ஒருமுறை எழுகிறீர்கள். வீட்டில் மகளைவிடக் குறைவாகத் தூங்குவது நீங்கள்தான், அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறி நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். உங்கள் வீட்டுக் கூலிக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா? பிள்ளைகள் தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போனது நல்ல காரியம், ஆனால் அவர்கள் எழுந்த இடத்தில் உங்களைப் போன்ற மனைவிமார்தான் உட்கார்ந்தீர்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேலை தாமதமாகிறது என்று எழுதினீர்களே, அந்தச் சேலையில் பாதி உங்கள் வேலை. யார் பக்கம் பேசுவது என்று கேட்டீர்கள். கொஞ்ச நாளைக்கு உங்கள் பக்கம் பேசுங்கள்.

மூன்றரைப் பாலை 26 வயசு மகள் தானே சுட வைத்துக்கொள்வாள். இல்லையென்றால் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் படுங்கள். முழங்காலை இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், துணைக்கு உங்கள் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போங்கள். காலையில்தான் அவருக்கு இப்போது வேலை இல்லையே.