20 வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் நம்பி ஓட்ட முடியுமா?

தாராளமாக முடியும். இப்படிப்பட்ட கார் வழியில் நின்றால் எல்லோரும் இன்ஜினைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் காலை வாருவது வயதான ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரிங்கும்தான். குறைந்த கிலோமீட்டர் ஓடிய காரிலும் இவை கெட்டுப்போயிருக்கும்.

முதலில் கூலிங்கைக் கவனியுங்கள். பல கார்களில் ரேடியேட்டரின் தொட்டி பிளாஸ்டிக். கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடலாம். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரின் ரப்பர் குழாயை (ஹோஸ்) அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும் சரி, மொறமொறவென்று இருந்தாலும் சரி, மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டையும் அதோடு சேர்த்தே முடிப்பது என் பழக்கம். டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) உள்ள இன்ஜின் என்றால் அதையும் அப்போதே மாற்றினால் கூலி மிச்சம். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

அப்புறம் டயர். தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள பட்டன் புதிதுபோல இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் உள்ள 4 இலக்கத் தேதி எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. 10 வருடம் தாண்டியதில் வேகமாகப் போகாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

டர்போ போடுவது, பவர் கூட்டுவது எல்லாம் இரண்டாம் கார் வைத்திருப்பவர்களுக்கு. தினசரி ஓட்டத்துக்கு கம்பெனி செட்டிங்கே நல்லது.