ஜன்னல், மேஜை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். சென்ற டிசம்பரில் மன்ஹாட்டன் ஐந்தாவது அவென்யூவில், சென்ட்ரல் பார்க் முனையில், யூதர்களின் ஹனுக்கா பண்டிகை விளக்கு ஏற்றுவதைப் பார்க்கப் போயிருந்தேன். 32 அடி உயரம். தூக்கி வண்டியில் ஆள் ஏறிப் போய் ஏற்றினார்கள். பாட்டு, கூட்டம், ஆட்டம். எனக்கு ஏனோ ஒட்டவில்லை. வீட்டுக்குள் ஏற்றவேண்டிய விளக்கைத் தெருவில் இத்தனை பெரிதாக நிறுத்துவது பக்தியா, பலத்தைக் காட்டுவதா? கிறிஸ்துமஸ் மரத்துக்குப் போட்டியாகத்தான் தோன்றியது. மதச்சார்பற்ற நாட்டில் பொது இடத்தில் இது சரியா? நம் கார்த்திகை தீபத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா?

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியும் யூதர்தான். வருடாவருடம் ஜன்னலில் ஏற்றுவார். இந்த முறை சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார், இடவசதிக்காக இருக்கலாம். ஜாம் வைத்த பன் ஒன்று கொடுத்தார். அது சைவம்தானா?

க.

*

அன்புள்ள க.,

கார்த்திகைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எதைப் பார்த்தாலும் நம்முடையதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

பொது இடத்தில் சரியா என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1989இல் பதில் சொல்லிவிட்டது. பிட்ஸ்பர்க் நகரத்து வழக்கு. 45 அடி கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்ற 18 அடி மெனோரா, அதாவது ஹனுக்கா விளக்கு, இருக்கலாம், ஆனால் நீதிமன்றப் படிக்கட்டில் வைத்த இயேசு பிறப்புக் குடில் கூடாது என்றார்கள். வக்கீல்கள் இன்னும் அதை மென்றுகொண்டிருக்கிறார்கள். பொது இடத்து மெனோரா வேண்டாம் என்று சொன்னவர்களில் யூதர்களே உண்டு. அமெரிக்க யூத காங்கிரஸ் அந்தக் கட்சிதான். ஹபாத் என்ற யூத மத இயக்கத்து ரப்பி, அதாவது மதகுரு, ஒருவர் 1974இல் பிலடெல்பியாவின் சுதந்திர மணி அருகே ஏற்றியது சின்ன மரவிளக்கு. மறுவருடமே சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் அது மஹாகனி மரத்தில் ஆளுயரம் தாண்டிவிட்டது. அதற்குப் பின் யார் உயரம் என்ற போட்டிதான். நீங்கள் பார்த்ததை வடிவமைத்தவர் இஸ்ரேலியச் சிற்பி யாக்கோவ் அகாம். கைகள் வளையாமல் நேராகச் சாய்ந்து ஏறியிருப்பதைக் கவனித்தீர்களா? இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் வரைந்துவைத்த ஜெருசலேம் கோயில் விளக்கின் படத்திலிருந்து எடுத்தது அது. நீங்கள் தூக்கி வண்டியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சரி, அதெல்லாம் கிடக்கட்டும். ‘வீட்டுக்குள் ஏற்றவேண்டிய விளக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. யார் சொன்னார்கள் உங்களிடம்? யூதர்களின் பழைய சட்டநூலான தால்முத் நேர்மாறாகச் சொல்கிறது. வாசலுக்கு வெளியே வை. மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில் வை. கடைத்தெருவில் கடைசிக் கால் நடமாட்டம் அடங்கும்வரை எரியவிடு. இருபது முழத்துக்கு மேலே வைத்தால் செல்லாது, கண் அவ்வளவு உயரம் போகாது. இருபது முழம் என்றால் ஏறக்குறைய நீங்கள் பார்த்த 32 அடிதான். விதியின் உச்சாணிக் கொம்பில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெரியவர்கள் மனதிலிருந்த உயரம் அதுவல்ல. இடுப்புக்குக் கீழே வைப்பதே சிறப்பு என்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ஓர் ஒட்டக வழக்கு! சுமார் 1,800 வருடங்களுக்கு முன் தொகுத்த மிஷ்னாவில், தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பில், வருகிறது. சணல் ஏற்றிய ஒட்டகம் தெருவில் போகிறது. சணல் கடைக்குள் நீட்டிக்கொண்டு போய் விளக்கில் பற்றிக் கடை எரிந்தால் நஷ்டம் ஒட்டகக்காரன் தலையில். கடைக்காரன் விளக்கை வெளியே வைத்திருந்தால் நஷ்டம் அவன் தலையில். ரப்பி யூதா குறுக்கிட்டு, அது ஹனுக்கா விளக்கென்றால் கடைக்காரன் கொடுக்கவேண்டாம் என்கிறார். ஒட்டகச் சுமையில் படும்படி தாழ்வாகத்தானே வைத்திருக்கிறான்? அப்படியானால் தாழ்வாக வைப்பதே முறை என்று பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெருசலேமில் நஹ்லாவோத் என்ற பழைய குடியிருப்பில் ஒரு டிசம்பர் மாலை நடந்திருக்கிறேன். சந்துகள் இரண்டு ஆள் அகலம். வாசல்தோறும் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஆலிவ் எண்ணெய். அன்று ஐந்தாம் நாள், ஐந்து சுடரும் கூட நிற்கும் துணைச்சுடரும். பெட்டியின் உட்பக்கம் புகை படிந்து மேல்விளிம்பு கறுத்திருந்தது. கூட வந்த நண்பர் மஹனே யெஹூதா சந்தையில் பேரீச்சம்பழம் வாங்கிய மீதிச் சில்லறையை எடுத்து அந்த வெளிச்சத்தில் எண்ண ஆரம்பித்தார். வாசல்படியில் இருந்த பையன், எட்டு வயதிருக்கும், எழுந்து வந்து விறைப்பாக ஏதோ சொன்னான். பிறகு உள்ளே கைவிட்டு வாசல் பல்பைப் போட்டுவிட்டு, ‘இப்போது எண்ணுங்கள்’ என்று கைகாட்டினான். ஹனுக்கா வெளிச்சத்தில் காசு எண்ணக்கூடாது. அதைப் பார்க்கலாம், வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது. சட்டம் படித்த பையன்!

இப்போது உங்கள் எதிர்வீட்டுக்கு வருகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 32 அடிக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அந்த அம்மாவுக்கு இரண்டு வரி. அதிலும் ‘இடவசதிக்காக இருக்கலாம்’! நியூஜெர்சியில் ஜன்னல் திண்டு சுருங்கிப்போய்விட்டதா தம்பி?

தால்முத் அதே இடத்தில், அதே மூச்சில், இன்னொன்றும் சொல்கிறது. ஆபத்துக் காலத்தில் மேஜைமேல் வைத்தால் போதும். இதற்குப் பிராயச்சித்தம் இல்லை, ஈடாக வேறு சடங்கும் இல்லை. போதும், அவ்வளவுதான். பிறர் கண்ணில் படுவதற்காகவே ஏற்றுகிற விளக்கு, அதைப் பிறர் கண்ணில் படாமல் வைத்தாலும் கடமை முடிந்தது என்கிறார்கள். பயப்படுகிறவனை அந்தச் சட்டம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உயிரைக் கொடுத்தாவது ஜன்னலில் வை என்று சொல்ல எத்தனை மதங்களில் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்! எனக்கு இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பெரியவர்களைப் பிடிக்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் எடுத்த ஒரு புகைப்படம். ரப்பி அகிவா போஸ்னரின் மனைவி ராஹேல் எடுத்தது. ஜன்னல் திண்டில் மெனோரா. கண்ணாடிக்கு அப்பால், எதிர்க் கட்டடத்தில் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடி. எல்லோரும் விளக்கையும் கொடியையும் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு உறைப்பது, காமிரா அறைக்கு உள்ளே இருக்கிறது என்பது. அந்தத் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு எந்த வீடு என்று நன்றாகத் தெரிந்திருக்கும். 1933இல் குடும்பம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிவிட்டது. அந்த விளக்கு இப்போது ஜெருசலேமில், நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவாக உள்ள யாத் வாஷெம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஹனுக்காவுக்கு மட்டும் குடும்பத்திடம் போய்வரும். 2022இல் பெர்லினுக்குக் கொண்டுபோய் ஜனாதிபதி ஸ்டைன்மையர் முன்னிலையில் ஏற்றினார்கள்.

உங்கள் அமெரிக்காவிலும் நடந்தது. 1993 டிசம்பரில் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், மெனோரா வைத்திருந்த ஒரு குழந்தையின் அறை ஜன்னலில் கல்லெறிந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒரு முழுப்பக்கத்துக்கு மெனோரா படம் அச்சிட்டது. யூதரல்லாதவர்கள் அதைக் கத்தரித்துத் தங்கள் ஜன்னல்களில் ஒட்டினார்கள், ஏறக்குறைய 10,000 வீடுகள் என்பார்கள். எந்த வீட்டில் கல்லெறிவது என்று தெரியாமல் போகட்டும் என்றுதான்.

இதைப் படித்துவிட்டு ஆர்வக்கோளாறில் நீங்களும் நாளைக்கே ஒன்றை ஒட்டிவிடாதீர்கள். அந்த அம்மாவிடம் ஏன் மேஜைக்கு வந்தது என்று விசாரணையும் நடத்தாதீர்கள். அடுத்த ஹனுக்காவில் ஒருநாள் ஏற்றும் நேரத்துக்கு, அந்தி சாய்ந்ததும், வரலாமா என்று கேளுங்கள். வரச்சொன்னால் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பன்னின் பெயர் சுஃப்கானியா. எண்ணெயில் பொரித்தது. மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். அதுதான் சாப்பிட்டாயிற்றே, இனி கேட்டு என்ன ஆகப்போகிறது?

அன்புடன்