ரத்தம் தருகிறவர்களும் உறுப்பு என்றால் தயங்குவது ஏன்?

கேள்வி: வருஷா வருஷம் ரத்த தானம் செய்கிறவர்கள்கூட, இறந்தபின் உறுப்பு தானம் என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்களே, ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரத்தம் கொடுத்தவர் பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் தன் சாவை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதைத்தான் மனசு தள்ளிப்போடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஐசியு வாசலில். மூளைச்சாவு, அதாவது மூளை இனித் திரும்பவே முடியாதபடி செயலிழந்துவிட்டது என்கிறார் டாக்டர், ஆனால் வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, பெற்றவள் எப்படி நம்புவாள்? அவசரப்படுத்துகிறார்களோ என்று சந்தேகம் வருவதைக் குறை சொல்லவே கூடாது. பொறுமையாக உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும்.

2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். சென்னைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி அந்த இதயத்தை வேகமாகக் கொண்டுபோன செய்தி எல்லோரையும் உலுக்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் தானம் செய்ய முன்வந்த குடும்பங்கள் பெருகின. உறுப்புக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கு செய்யாததை ஒரு பையனின் முகம் செய்தது! 2023-ல் தமிழக அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்ததும் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் ஒன்று. நீங்கள் உறுப்பு தான கார்டு வாங்கி வைத்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தாரின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள், அதனால் உங்கள் விருப்பத்தை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.