மஞ்சளித்த கட்டைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் சிறுவயது லெகோ பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். வெள்ளைக் கட்டைகள் மஞ்சளித்துவிட்டன. நீலக் கட்டைகளில் பச்சைச் சாயல் ஏறியிருக்கிறது. பலவற்றில் கீறல்கள். சில ஒன்றையொன்று பிடிக்காமல் கழன்று விழுகின்றன. பிளீச்சில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

இரண்டையும் செய்ய வேண்டாம். குளோரின் பிளீச் இந்த மஞ்சளைப் போக்காது. உப்புத்தாளோ திரும்பப் பெறவே முடியாத ஒன்றை எடுத்துவிடும்.

முதலில் கட்டைகளின் வயதைக் கவனியுங்கள். 1963க்கு முந்தைய லெகோ கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. காலப்போக்கில் வளைந்து நெளிந்துவிடும் தன்மை கொண்ட அவற்றைக் கண்ணாடிப் பரப்பின் மேல் வைத்தால் ஓரங்கள் தூக்கி நிற்பது பெரும்பாலும் தெரியும். அத்தகையவற்றை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்னர் வந்தவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் கலந்துள்ள பியூட்டடைன் ரப்பர், புற ஊதாக்கதிர் பட்டுக் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிவதே மஞ்சளிப்புக்கு முக்கியமான காரணம். நீலத்தின் மேல் மஞ்சள் படிவதால்தான் உங்களுக்குப் பச்சை தெரிகிறது. நெடுங்காலம் ஒன்றோடொன்று பூட்டியே கிடந்த இரண்டு கட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்: மூடியிருந்த இடம் பழைய நிறத்திலும் வெளிச்சம் பட்ட இடம் மஞ்சளாகவும், நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லையும் தெரியும். மாற்றம் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கில்தான் நிகழ்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மீட்க முடிவதும் அதனால்தான்.

ஒட்டுப்படம் உள்ளவற்றையும் மின்பாகங்களையும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத வெதுவெதுப்பான சோப்புநீரில் மென்மையான பல்துலக்கியால் கழுவி உலர்த்துங்கள். நிறமாற்றம் என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி வெறும் அழுக்குதான். கழுவிய பின்னும் மஞ்சளாக இருப்பவற்றுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். கையுறை அணிந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் கட்டைகள் மூழ்குமளவு ஊற்றி வெயிலில் வையுங்கள். ஆக்சிஜன் வெளியேற வேண்டும் என்பதால் பாத்திரத்தை இறுக மூடக் கூடாது. குமிழிகள் ஒட்டிக்கொண்டு கட்டைகள் மேலே மிதக்கும். அவ்வப்போது கிளறி அமிழ்த்தாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள்வரை ஆகலாம். நீலம் போன்ற நிறக்கட்டைகள் அளவுக்கு மீறினால் வெளிறிப்போகும் என்பதால், முழுமையாக மீளும்வரை காத்திராமல் சற்று முன்பே எடுத்துவிடுவது நல்லது. இவ்வளவு செய்தும், இருட்டில் வைத்திருந்தாலும்கூட, சில ஆண்டுகளில் மஞ்சள் மீண்டும் தலைகாட்டக்கூடும். ஆகவே எல்லாவற்றையும் வெளுக்காமல், கட்டும் உருவத்தில் வெளியே தெரியப்போகிறவற்றை மட்டும் வெளுத்தால் போதும் என்பேன்.

கீறல்களை அப்படியே விட்டுவிடுங்கள். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட, மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்ட அந்த அமைப்பில், பிடிப்பு முழுவதும் அளவின் துல்லியத்தில்தான் இருக்கிறது; இழைத்தால் பளபளப்போடு அதுவும் போய்விடும். பழைய சிவப்பு, மஞ்சள் கட்டைகள் சிலவற்றில் காட்மியம் கலந்த நிறமிகள் உண்டு. அவற்றைத் தேய்த்துத் தூளாக்குவது உடலுக்கும் கேடு. அசிட்டோனை அருகிலேயே கொண்டுவராதீர்கள், அது ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

கழன்று விழுபவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கச்சுவரைப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தால் அந்தப் பிடிப்பு இனித் திரும்பாது. அத்தகைய கட்டைகளைப் பாரம் தாங்காத மேலடுக்கில் வையுங்கள். விரிசல் இல்லாமல் தேய்ந்து மட்டும் போனவற்றைப் புதிய கட்டைகளுக்கு இடையில் பொருத்தினால் பெரும்பாலும் நிற்கும்.